தண்ணீராக நடந்த கான்தொரை

மழையை ஒரு நாளும் நம்பாத மனிதர் இந்த உலகத்தில் ஒருவர் இருந்தார் என்றால், அது எங்கள் கான்தொரைதான். வெயில் அடித்தால் சந்தேகப்படுவார். மேகம் கூடினால் கைத்தடியைத் தூக்கிக்கொண்டு எழும்புவார். மழை விழுந்தேவிட்டால், எல்லோரும் வீட்டுக்குள் ஓடுகிற நேரத்தில் அவர் மட்டும் உரச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வெளியே ஓடுவார். தெருவில் ஓடி வருகிற தண்ணீரைத் தடியால் மறித்து விசாரணை நடத்துவார்.

"எங்க போற? இந்தப் பக்கம் ஒனக்கு என்னா வேல? ஒன் வழி அங்கிட்டுத்தானே?"

தண்ணீர் பதில் சொல்லாது. ஆனால் பதில் கிடைத்த மாதிரி அவர் தலையை ஆட்டிக்கொள்வார்.

தேயிலை மலையில் மழைத் தண்ணீர் மண்ணை அள்ளிக்கொண்டு போகாமல் இருக்க, சரிவுக்குக் குறுக்கே வாய்க்கால் வெட்டியிருப்பார்கள். அதைக் கான் என்போம். தோட்டத்தை ஆளுகிறவரைத் தொரை என்போம். இவர் தோட்டத்தில் ஆயுசெல்லாம் கான் வெட்டியவர். ஓய்வு பெற்று டவுன் பக்கம் வந்ததும், யாரும் கேட்காமலே கடைவீதிக் கான்களை எல்லாம் ஆளத் தொடங்கினார். அதனால் கான்தொரை ஆனார்.

பொகவந்தலாவைக்குப் போகிற பஸ் வளைந்து வளைந்து இறங்குகிற வழியில் எங்கள் கடைவீதி. வெள்ளைக்காரன் காலத்துக் கட்டிடங்கள். மரத்தூண், பலகைக் கதவு, தகரக்கூரை. முதுகுப் பக்கம் தேயிலை மலை, காலடியில் ஓயா என்கிற ஆறு. மூன்று மொழியிலும் சண்டை போடலாம், மூன்று மொழியிலும் சமாதானமாகலாம். என் கணவர் அங்கே டெய்லர். முன்பக்கம் தையல் கடை, நடுவில் அடுப்படி, பின்னால் ஒரு அறை. அந்தப் பின்னறையில்தான் சாமித்தட்டும் எங்கள் இரண்டு பெண் பிள்ளைகளின் படுக்கையும். எங்களுக்கு இருந்த சொத்து அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு ஆனி மாதம், பட்டப்பகலில் அந்த வெள்ளம் வந்தது. ஓயா பெருகி வரும் என்று எல்லோரும் முன்வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தண்ணீர் பின்பக்கமாக வந்தது. என் கணவர் தையல் மிஷினைத் தூக்கி மேசைமேல் வைத்தார். கொஞ்ச நேரத்தில் மேசையே மிதந்து, மிஷினைக் கவிழ்த்துவிட்டு வாசல் வழியாகத் தனியே புறப்பட்டுப் போனது. பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு எதிரே, நாங்கள் நானா என்று கூப்பிடுகிற முஸ்லிம் பெரியவரின் ஹார்ட்வெயார் கடைப் பரணில் ஏறித் தப்பினோம். தண்ணீர் வடிந்ததும் போய்ப் பார்த்தால், பள்ளிக்கூடத்துக்குத் தைத்து வைத்திருந்த வெள்ளைச் சட்டைகள் எல்லாம் தேத்தண்ணி நிறத்தில் கிடந்தன.

உயிர் பிழைத்தது அம்மன் கருணை. ஆனால் அன்றைக்கு என் வயிற்றுக்குள் புகுந்த பயம் மட்டும் வடியவில்லை. தகரத்தில் ஒரு துளி விழுந்தால் போதும், கையில் இருப்பதைப் போட்டுவிட்டுப் பின்கதவைப் பார்ப்பேன். யாராவது செம்பில் தண்ணீர் ஊற்றினாலும் திடுக்கென்று இருக்கும்.

மூன்றாம் நாள் காலை, பின்னறைச் சேற்றை வாளியில் அள்ளிக்கொண்டிருந்தேன். பின் ஜன்னல் வழியாக ஒரு கால் உள்ளே வந்தது. பிறகு ஒரு கைத்தடி. பிறகு ஒரு சாக்கு. அதற்குப் பிறகுதான் கான்தொரை.

"ஐயையோ! என்னாங்க இது, ஜன்னல் வழியா?"

"சத்தம் போடாத தங்கச்சி. நான் இப்ப மனுசன் இல்ல. தண்ணி."

வாளி என் கையிலிருந்து விழுந்தது.

"வெள்ளம் வந்த வழியில நானும் ஒருக்கா வந்து பாக்கிறேன். மேல எட்டாம் நம்பர் மலையில பொறப்பட்டேன். ஸ்கூல் மதிலு, மதிலத் தாண்டி ஒங்க ஜன்னலு. வழிய விடு, முன்வாசலுக்குப் போகணும்."

போனார். அடுப்படியைக் கடந்து, தையல் மிஷினுக்கு அடியில் தவழ்ந்து போனார். ஏன் சுற்றிப் போகக்கூடாது என்று என் கணவர் கேட்டதற்கு, "தண்ணி சுத்தியா போச்சு?" என்று கேட்டார். வாசலைத் தாண்டி, வருகிற பஸ்ஸைத் திரும்பியும் பார்க்காமல் ரோட்டைக் கடந்தார். டிரைவர் பிரேக்கை மிதித்து, தலையை வெளியே நீட்டிச் சிங்களத்தில் கத்தினார். கான்தொரை நிற்காமலே "மம வத்துர!" என்றார். நான் தண்ணி என்று டிரைவருக்கும் அவர் மொழியிலேயே விளக்கம். பிறகு நேரே நானாவின் கடைக்குள் நுழைந்தார்.

"என்னத்துக்கு தொரை எங்கட கடைக்குள்ளால போற?" என்றார் நானா.

"நானா, அன்னைக்கு வந்த தண்ணிய நிப்பாட்டுனீங்களா? அப்ப என்னையும் நிப்பாட்டாதீங்க."

அன்று மாலை திரும்பி வந்து, எங்கள் பின்னறைத் தரையைத் தடியால் தட்டிக் காட்டினார். டொங் டொங் என்று சத்தம் வந்தது.

"கேட்டுச்சா தங்கச்சி? கீழ பழைய கான் ஒண்ணு இருக்கு. மலைத்தண்ணி ஓயாவுக்குப் போறதுக்கு வெள்ளக்காரன் வெட்டுனது. பொறகு வந்தவங்க அத மூடி, அது மேல ரூமக் கட்டிப்புட்டாங்க. தண்ணி பாவம், அது வீட்டத் தேடித்தான் வந்துச்சு. நீங்கதான் அது வீட்டுல குடியிருக்கீங்க."

அதைக் கேட்ட பிறகு எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

அடுத்த வாரம் கான்தொரை நானாவிடம் ஒரு சிவப்புப் பெயிண்ட் டின்னை வாங்கிக்கொண்டு, தண்ணீர் ஏறிய மட்டத்தில் ஒவ்வொரு கடையிலும் ஒரு கோடு போட்டார். சுவரில் போட்டார், தூணில் போட்டார், சலூன் கண்ணாடியிலும் போட்டார். கோயில் மதிலிலும் போட்டார். அங்கே ஏற்கெனவே சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்திருந்ததால், தான் போட்ட கோடு எதுவென்று மறுநாள் அவருக்கே தெரியவில்லை.

நல்ல காரியந்தான். ஆனால் ஒன்றை மறந்துவிட்டார். தோட்டத்தில் வெட்டப் போகிற மரத்துக்குத்தான் சிவப்புக் கோடு போடுவார்கள். எங்கள் கடைவீதியில் பாதிப் பேர் தோட்டத்தில் பிறந்தவர்கள். கோட்டைப் பார்த்ததும் ஒரே முடிவுக்கு வந்தார்கள்.

"ஒடைக்கப் போறாங்களாம்!"

"எத?"

"கோடு போட்டத எல்லாம்!"

பத்து மணிக்கு ஊர் வாயில் ஒரு புல்டோசர் ஹட்டனில் ஏறியது. மத்தியானம் நோர்வூட்டைக் கடந்தது. மூன்று மணிக்கு அதைக் கண்ணால் கண்டவர்கள் இருந்தார்கள். மண்ணெண்ணெயும் தேங்காய்த் தும்புமாக எல்லோரும் கோட்டைத் தேய்க்கத் தொடங்கினார்கள். பேக்கரி முதலாளி சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார். நானா தூணைச் சீவினார். வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் கடைவீதி சுத்தமானது அன்றைக்குத்தான்.

இவரும் ஒரு துணியை மண்ணெண்ணெயில் நனைத்துக்கொண்டு பின்னறைக்கு வந்தார். எங்கள் கோடு சாமித்தட்டுக்கு நேர் கீழே, என் நெஞ்சு உயரத்தில் இருந்தது. சாமிக்குப் பக்கத்தில் மண்ணெண்ணெய் படக்கூடாது என்று தடுத்தேன். இவர் யோசித்துவிட்டு, அந்தப் பக்கத்தில் இருந்த அலுமாரியைத் தள்ளிக்கொண்டு வந்து கோட்டை மறைத்தார்.

மறுநாள் கான்தொரை வந்து பார்த்தார். கடை கடையாக நடந்தார். பிறகு பஸ் நிலையத்தில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார்.

"தண்ணி எழுதி வச்சிட்டுப் போன கடுதாசி அது. எல்லாத்தையும் கிழிச்சுப் போட்டீங்களே!"

அப்போதுதான் அரசாங்க ஒப்பீஸிலிருந்து கடைவீதியைத் திருத்தி அமைக்க ஒரு இஞ்சினியர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், தங்கமான மனிதர். எங்கள் குளிருக்கு இரண்டு ஸ்வெட்டர் போட்டு, அதற்கு மேல் ஒரு கோட்டும் போட்டிருந்தார். பள்ளிக்கூட மண்டபத்தில் எங்களையெல்லாம் கூட்டி, பெரிய படம் ஒன்றைச் சுவரில் தொங்கவிட்டார். படத்தில் எங்கள் கடைகள் கலியாண வீட்டுப் பெண்கள் மாதிரி நின்றன. நடுவே மணிக்கூட்டுக் கோபுரம். இரண்டு பக்கமும் பூச்சட்டி.

"பழைய கட்டிடங்களின்ர வடிவு கெடாமல், இனியொரு வெள்ளம் வந்தாலும் சனம் விழுந்துபோகாமல் நிக்கிற மாதிரித் திட்டம் போட்டிருக்கிறம். விளங்குதோ?"

கடைசி வாங்குப் பலகையிலிருந்து கான்தொரை எழும்பினார்.

"ஐயா, இந்தப் படத்துல தண்ணி எங்க?"

"தண்ணி கீறேல்லை ஐயா. இது வெள்ளமில்லாத நேரத்துப் படம்."

"அப்ப வெள்ளம் வந்தா இதத் தூக்கிக் காட்டிப்புடுவோங்க. இது ஒன்னோட நேரமில்ல, திரும்பிப் போயிருன்னு."

மண்டபம் சிரித்தது. இஞ்சினியரும் சிரித்தார்.

"ரெண்டு பக்கமும் வடிகான் இருக்குது, பாருங்கோ."

"அது கான் இல்லீங்க, கோடு. தண்ணி பின்னாலயிருந்து வருது, நீங்க முன்னால கோடு போட்டிருக்கீங்க. மணிக்கூடு என்னாத்துக்குங்க? தண்ணி நேரம் பாத்து வர்றதுக்கா?"

வேறு ஒருவராக இருந்தால் கோபித்துக்கொண்டு போயிருப்பார். இந்த மனிதர் பேனாவைத் திறந்தார்.

"சரி. தண்ணி எதாலை வந்தது, எவ்வளவு உயரம் எண்டு காட்டுங்கோ. அது தெரிஞ்சால்தான் எங்கை வெட்டிறது, தரையை எவ்வளவு உயர்த்திறது எண்டு பாக்கலாம். அடையாளம் ஏதும் இருக்கோ?"

கான்தொரை மெதுவாகத் திரும்பி எங்கள் எல்லோரையும் பார்த்தார். நாங்கள் எல்லோரும் தரையைப் பார்த்தோம்.

இரண்டு பேரும் கடை கடையாக இறங்கினார்கள். கோடு எங்கேயும் இல்லை. கேட்டால் நானா கழுத்தைத் தொட்டுக் காட்டினார், சலூன்காரர் இடுப்பைத் தொட்டுக் காட்டினார். பேக்கரி முதலாளி கையைத் தலைக்கு மேலே தூக்கினார். கடைசியில் எங்கள் பின்னறைக்கு வந்தார்கள். கோடு வெளியே வந்தால் கானைத் திறக்க எங்கள் அறையை உடைப்பார்கள் என்று இவர் அலுமாரியில் சாய்ந்துகொண்டு நின்றார்.

"இங்க ஒண்ணு போட்டேனே, டெய்லரே."

"இங்க ஒண்ணும் இல்லீங்களே."

"இந்த அலுமாரி அந்தப் பக்கந்தானே இருந்துச்சு?"

"காத்து வரல்லன்னு மாத்தினோங்க."

எங்கள் ஊர்க் குளிரில் காற்றுக்காக அலுமாரியை நகர்த்திய முதல் மனிதர் என் கணவராகத்தான் இருக்கும். கான்தொரை இவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவர் வாயை மூடிக்கொண்டு போனதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். "தாயே, என் ரூமைக் காப்பாத்து. பிள்ளைகளுக்கு வேற எடமில்ல" என்று கை கூப்பினேன். அம்மன் எப்போதும் போலத்தான் என்னைப் பார்த்தாள். எனக்குத்தான் நிற்க முடியவில்லை. கான் திறக்காமல் என் அறை தப்பினால், தண்ணீர் மறுபடியும் என் வீட்டுக்குள் நுழைந்து நானாவின் கடைக்கும் பேக்கரிக்கும்தானே போகும்? அப்படியானால் நான் கேட்டது என்ன வேண்டுதல்? பிள்ளைகளோடு எங்களை ஏற்றிக்கொண்டது நானாவின் பரண்தானே. திருநீறு பூசிக்கொண்டு, பாதி வழி நடையாக வந்தவள், மீதி வழி ஓட்டமாக வீட்டுக்கு வந்தேன்.

"ஏங்க, அந்த அலுமாரிய நகத்துங்க."

"என்னாத்துக்கு புள்ள?"

"காத்து வரல்ல."

இவர் தையலை நிறுத்தினார். சாமித்தட்டைப் பார்த்தார். சுருட்டி வைத்த பாயைப் பார்த்தார்.

"புள்ளைங்க எங்க படுக்கும்?"

"கடைக்குள்ள. மிஷினுக்குப் பக்கத்துல."

"யோசிச்சுத்தான் பேசுறியா?"

"இல்லீங்க. யோசிச்சா பேச மாட்டேன்."

இவர் ஒரு பெருமூச்சு விட்டு, அலுமாரிக்குத் தோள் கொடுத்தார்.

இஞ்சினியர் வந்து நாடா பிடித்து அளந்தார். தரையைத் தட்டிப் பார்த்தார். அறை போகும் என்பதை எங்களிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கான்தொரை கோட்டுக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஓரத்துல ஒரு வெரக்கடை அழிஞ்சிருக்கு. அலுமாரி ஒரசிருச்சு."

அவருக்கு நன்றி சொல்லத் தெரிந்த விதம் அது.

படம் புதிதாக வந்தது. மணிக்கூட்டுக் கோபுரம் போய், அந்த இடத்தில் உயரமான மேடை வந்தது. வெள்ளம் வந்தால் சனமும் சாமானும் ஏறுவதற்கு. மரத்தூணும் பலகைக் கதவும் அப்படியே இருக்க, கடைத் தரைகள் ஐந்து படி உயர்ந்தன. எங்கள் பின்னறையை உடைத்துப் பழைய கானைத் திறந்தார்கள். கடப்பாரை விழுந்தபோது நான் கோயிலில் போய் உட்கார்ந்துகொண்டேன். சாமித்தட்டு கடைக்குள், நூல்கண்டுகளுக்கு மேலே வந்தது. சட்டை தைக்க வந்தவர்கள் அளவு கொடுக்கும்போது கையைத் தூக்கினால், கும்பிடுகிற மாதிரியே இருக்கும்.

வேலை நடந்த மாதங்களில் மேசன்மார் பட்ட பாடு சொல்லி முடியாது. கானை நேராக, வழவழவென்று பூசினார்கள். கான்தொரை குறுக்கே படுத்துவிட்டார்.

"தண்ணிய ஓட விடக்கூடாதுடா. நடக்க விடணும். ஓட விட்டா அது எவன் பேச்சையும் கேக்காது."

மலையில் வெட்டுகிற மாதிரி கானுக்குள் படி படியாக இறக்கமும், இடைக்கிடை மண் தங்கக் குழியும் கேட்டார். இஞ்சினியர் தலையைச் சொறிந்தார்.

"இதை நான் கம்பஸில படிக்கேல்லை ஐயா."

"இது மலையில படிக்கிற படிப்புங்க."

படியும் வைத்தார்கள், குழியும் வைத்தார்கள்.

அடுத்த வருடம் மழை வந்தது. ஞாயிற்றுக்கிழமை, சந்தை கூடுகிற நாள், மத்தியானம். கடைக்காரர்கள் எல்லோரும் அவரவர் படியில் நின்றோம். பின்னால் கான் இரைந்துகொண்டு போனது. முன்னால் ஓயா பெருகி முதல் படியைத் தொட்டது. இரண்டாவது படி. நான் அம்மன் பெயரைச் சொல்லிக்கொண்டே பிள்ளைகளை இறுக்கிப் பிடித்திருந்தேன். திடீரென்று பின்னால் கானின் இரைச்சல் நின்றது. என் உயிரும் அதோடு நின்றது. பிடுங்கி வந்த வாழை மரமும் யாரோ வீட்டு மெத்தையும் சேர்ந்து எங்கள் வீட்டுக்குப் பின்னால் கானுக்குமேல் போட்டிருந்த சின்னப் பாலத்தை அடைத்துவிட்டன. மலைத்தண்ணீர் கரை புரண்டு முன்பக்கம் திரும்பியது. மூன்றாவது படி. நாலாவது படி.

"டெய்லரே! கயிறு!"

சாக்கோடு வந்து நின்றார் கான்தொரை. இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டார். மறுமுனையை இவரும் நானாவும் பேக்கரி முதலாளியும் பிடித்தார்கள்.

"தொரை, வாணாம்! இந்த வயசுல என்னத்துக்கு?" என்று நானா கத்தினார்.

"கயிற மட்டும் புடிங்க நானா, வாயப் புடிக்காதீங்க!"

நெஞ்சளவு தண்ணீரில் இறங்கி, வாழை மரத்துக்கு அடியில் கைத்தடியைக் கொடுத்து நெம்பினார். மெத்தையைத் திட்டினார். வாழையைத் திட்டினார். மெத்தையைக் கானில் போட்டவனின் பரம்பரையைத் திட்டினார். எதற்குப் பயந்ததோ தெரியாது, அடைப்பு பிடுங்கிக்கொண்டு போனது. கான் மறுபடியும் இரைந்தது. வாசலில் நாலாவது படி வெளியே தெரிந்தது. பிறகு மூன்றாவது. ஒரு கடைக்குள்ளும் தண்ணீர் நுழையவில்லை.

கயிற்றை இழுத்தார்கள். அவர் வந்தார், ஆனால் எழும்பவில்லை. முழங்கால் திரும்பி, கெண்டைக்கால் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. நானாவின் லொறியில் சிமெந்துப் பைகளுக்கு மேலே படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். லொறி புறப்படும்போதும் தலையைத் தூக்கினார்.

"டெய்லரே, மூணாவது குழியில மண்ணு நெறைஞ்சிருக்கும். நாளைக்கே அள்ளிப்புடு!"

காயத்தில் கிருமி ஏறிக் காய்ச்சல் கண்டது. மூன்று நாளாகக் கண் திறக்கவில்லை என்று நானா வந்து சொன்னார். பதற வேண்டாம், மனிதர் பிழைத்து வந்தார், அதன் பிறகும் எத்தனையோ மழையோடு சண்டை போட்டார். ஆனால் அந்த வெள்ளிக்கிழமை காலையில் எங்களுக்கு அது தெரியாதே. அர்ச்சனைத் தட்டோடு கோயிலுக்குப் போனேன். பார்த்தால் கடைவீதியே அங்கே இருந்தது. பேக்கரி முதலாளி பழத்தட்டோடு வந்திருந்தார். நானா குடையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வெளியே நின்றார்.

ஐயர் தட்டை வாங்கினார்.

"யார் பேருக்கு?"

இவரைப் பார்த்தேன். இவர் நானாவைப் பார்த்தார். நானா கையை விரித்தார். அந்த மனிதர் சொன்னார் என்று வீட்டையே உடைத்திருக்கிறோம். அவர் இடுப்புக் கயிற்றைப் பிடித்திருக்கிறோம். உங்கள் பெயர் என்ன என்று எங்களில் ஒருவர்கூட அவரைக் கேட்டதில்லை.

"கான்தொரைங்க," என்றேன்.

"அது கூப்புடுற பேராச்சே அம்மா. நட்சத்திரமாவது தெரியுமா?"

"தெரியாதுங்க."

"அப்ப சாமி பேருக்கே பண்ணிடுறேன்."

பெயரும் நட்சத்திரமும் தெரியாவிட்டால் அதுதான் வழக்கம். நானும் எத்தனையோ தடவை அப்படிச் செய்திருக்கிறேன். அன்றைக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை.

"இல்லீங்க ஐயரே. ஆத்தா கோவிச்சுக்க மாட்டா. அவரு பேருக்கே பண்ணுங்க."

ஐயர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, கொஞ்சமும் சிரிக்காமல், "கான்தொரை நாமதேயஸ்ய" என்றார்.

வெளியே தூறல் விழத் தொடங்கியது. தீபம் காட்டி, திருநீறு கொடுத்து, எல்லாம் முடிந்த பிறகும், மழை விழுந்தால் வீட்டுக்குள் ஓடுகிற எங்களில் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை.